பதினொரு பேருக்கும் ஒரே அக்கா

புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். இனி விஷயம். நீ உண்மையிலேயே இருக்கிறாய் என்பதை நான் எப்படி நிரூபிப்பது? நேற்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன்.

கேள்வி என்னுடையது இல்லை. தேர்வு வாரியத்து அலுவலர் தொலைபேசியில் கேட்டது. "உங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு சொல்றீங்க. சரி. அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். சின்ன வயதில் நாம் இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது என்றேன். "படத்துல ரெண்டு பொண்ணுங்க இருக்கலாம் மேடம். பெரியவங்க உங்க அக்காதான்னு படம் சொல்லாதே" என்றார். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று வருடமாக உன் இருப்புக்கு என்னிடம் உள்ள சான்று, மாதம் ஒருமுறை என் கைப்பேசிக்கு வரும் "தண்ணி வருதா?" என்ற செய்தியும், "வருது" என்ற என் பதிலும்தான். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் நீ குடிநீர்த் துறை என்றுதான் முடிவு கட்டுவார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருவது உனக்குத் தெரியும். சலவைக்கடைக்கு மேலே ஒரு நீள அறை. கீழே இஸ்திரி போடுவதால் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும்; செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பாதி வகுப்பு கண்ணசந்துவிடும். இந்த முறை பன்னிரண்டு பேர். அதில் ஒருவரைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி ஆயாம்மா. ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் ஆஸ்பத்திரி என்பதால் நிரந்தர வேலைக்கு இந்தப் பேச்சுத் தேர்வின் சான்றிதழைக் கேட்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை போய், தேர்வாளரின் முகத்தைப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொண்டு, வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியவர். இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வந்தால் வேலை. இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. இன்று தேதி இருபத்து நான்கு.

வாரியம் கொடுத்த பாடப்புத்தகத்தை நான் இரண்டாம் நாளே மூடிவிட்டேன். அதில் ரயில் நிலையத்தில் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்து, இன்னொருவரிடம், "இது ஒரு பேனா. அது என் மாமாவின் பேனா" என்கிறார். ரயிலைத் தவறவிடப்போகிறவன் எதற்கு மாமாவின் பேனாவைப் பற்றிப் பேசுகிறான் என்று பிளம்பர் கேட்டார். பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் மொழியியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. மனிதர்கள் முழு வாக்கியத்தில் பேசுவதில்லை அக்கா. "போச்சா?" "போச்சு." "மறுபடியுமா?" "பின்னே?" இதுதான் பேச்சு. இதற்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது, அதைச் சொல்லித் தர யாரோ ஒருவர் நிஜமாகப் பேசிய வாக்கியம் வேண்டும் என்பது என் கட்சி. யாருடைய வாக்கியம்? மாணவர்களின் சொந்த விஷயத்தைக் கிளறுவது எனக்குப் பிடிக்காது. கற்பனையாகச் சொன்னால் போன வாரம் சொன்னது இந்த வாரம் மறந்துபோகும். ஆகவே என்னுடையதையே எடுத்துக்கொண்டேன்.

நான் யாரிடமும் எதையும் சொல்லாதவள் என்பதை என்னைவிட நீ நன்றாக அறிவாய். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எனக்கு எத்தனை குழந்தைகள் என்பது இன்னும் தெரியாது. ஆனால் உதாரண வாக்கியத்தை யாரும் காதுகொடுத்துக் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. ஆகவே கரும்பலகையில் துணிந்து எழுதிவிட்டேன். பழக்கத்தைச் சொல்லும் பாடத்துக்கு, "என் கணவர் காலையில் பேச மாட்டார்." இப்போதுதான் முடிந்ததைச் சொல்லும் பாடத்துக்கு, "என் கணவர் குழாயைப் பழுது பார்த்திருக்கிறார், பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறோம்." அதற்குப் பிறகு வந்த பாடத்துக்கெல்லாம் நீதான். "முன்பெல்லாம் நானும் அக்காவும் தினமும் பேசிக்கொள்வோம், இப்போது இல்லை." "அவள் என் அலமாரியை அடுக்கினாள், நான் சொன்ன ஒரு வார்த்தையில் காலை பஸ்ஸில் போய்விட்டாள்." "மூன்று வருடமாக அவள் வரவில்லை." "ஐ ஷுட் நாட் ஹேவ் செட் தட்." அதாவது, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வகை வாக்கியம் நாக்கில் ஏறுவது கடினம் என்பதால் ஒன்பது நாள் நடத்தினேன். சுருக்கமாகச் சொன்னால், இந்த வகுப்புக்கு இறந்தகாலம் என்ற ஒன்று வந்ததே உன் தயவில்தான்.

என் முறை இதுதான்: முதலில் வாய் பழக வேண்டும், புத்தி பிறகு வரும். ஒரு சொல்லையும் மாற்றாமல், "நான்", "என்" என்றே எல்லாரும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் அப்படிச் சொன்ன பிறகு, மூன்றாம் மாதம் முதல் வாரத்தில், "இனி இதை எடுத்துவிட்டு உங்கள் சொந்த விஷயத்தைப் போடுங்கள்" என்று ஒரு பாடம் உண்டு. ஆறடி உயரமும் அதற்கேற்ற மீசையும் உள்ள லிப்ட் மெக்கானிக், தையல்காரம்மாவைப் பார்த்து, "என் கணவர் காலையில் பேச மாட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அம்மா, "என் கணவரும்தான்" என்று பதில் சொல்வார். யாரும் சிரிப்பதுகூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டது.

உதாரண வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை என்ற என் நம்பிக்கை போன மாதமே ஆட்டம் கண்டது. சமையலறைக் குழாய் ஒழுகியது. என் வீட்டுக்காரர் ஸ்பானரை எடுத்தார். பிறகு சமையலறை முழுவதும் ஒழுகியது. வந்தவர் என் வகுப்புப் பிளம்பர். வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல உச்சரிப்பில், "மறுபடியும் பழுது பார்த்துவிட்டீர்கள், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

அப்போதாவது நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் வாரியம், மண்டபம் வேறு நிகழ்ச்சிக்குப் போகிறது என்று சொல்லித் தேர்வை இரண்டு வாரம் முன்கூட்டியே வைத்துவிட்டது. "சொந்த விஷயத்தைப் போடுங்கள்" என்ற பாடம் நடக்கவே இல்லை. தேர்வுக்கு முதல் நாள், "போய்ப் பேசிட்டு வாங்க, பயப்படாதீங்க, வகுப்புல சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தேன். வகுப்பில் சொன்ன மாதிரியே சொன்னார்கள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பெண்மணி. ஒவ்வொருவரையும் பன்னிரண்டு நிமிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்திருக்கிறார். "உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் முதல் ஆள், காலையில் பேசாத கணவரையும் மூன்று வருடமாக வராத அக்காவையும் சொன்னபோது, பாவம், அந்த அம்மாள் உருகிப்போனாராம். இரண்டாவது ஆளும் அதையே சொன்னபோது உலகம் சிறியது என்று நினைத்தாராம். ஐந்தாவது ஆளுக்குத் தண்ணீர் குடித்திருக்கிறார். லிப்ட் மெக்கானிக் உள்ளே போய், "என் கணவர்" என்று ஆரம்பித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். இதில் பெரிய அநியாயம் வாட்ச்மேனுக்கு. ஷிப்ட் மாறியதால் உன் பாடம் நடந்த ஒன்பது நாளும் அவர் வரவில்லை. ஆகவே அவர் ஒருவர் மட்டும் தன் சொந்த மனைவி, சொந்த மாடு, சொந்த மச்சினன் என்று பேசியிருக்கிறார். பதினொரு பேர் ஒன்றைச் சொல்ல ஒருவர் மட்டும் வேறு சொன்னால் யாரைச் சந்தேகப்படுவார்கள்? அவர் முடிவையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். "நான் உண்மையத்தானே டீச்சர் சொன்னேன்? இனிமே என்ன சொல்றதுன்னே தெரியலையே" என்று படியில் உட்கார்ந்து புலம்புகிறார்.

நேற்று வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. விலை கொடுத்து வாங்கிய விடைத்தாள் ஒன்று மாணவர்களிடையே சுற்றியிருப்பதாகச் சந்தேகமாம். நாளைக் காலை பத்தரைக்கு நான் நேரில் வந்து விளக்க வேண்டும். உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, அது விடைத்தாள் இல்லை, என் வாழ்க்கை என்று சொன்னேன். அதற்குத்தான் அலுவலர் ஆதாரம் கேட்டார்.

மாலை வகுப்பில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் இல்லை, ஒன்றே ஒன்று புரியவில்லை. "உங்களுக்குன்னு ஒரு குடும்பம் இல்லையா? அதுல ரெண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாமே?" என்றேன். கடைசியில் ஆயாம்மாதான் எழுந்தார்.

"சொல்லலாம் டீச்சர். ஆனா எங்க கஷ்டத்துக்கு எங்க இங்கிலீஷ் பத்தாது. ஆரம்பிச்சா பாதியில நிக்கும். உங்க கஷ்டம் சின்னதா, அளவா இருந்துச்சு. பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"தைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் தையல்காரம்மா.

அக்கா, நம்முடைய மூன்று வருடத்தை இவ்வளவு சரியாக யாரும் அளந்ததில்லை. நான் திரும்பிக் கரும்பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே சாட்சி உன் தம்பி என்று நீ கொண்டாடும் என் வீட்டுக்காரர். காலையில் பேச மாட்டார் என்பதை அவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்து, இன்று காலை ஏழு மணிக்குக் கேட்டேன். அவ்வளவுதான். "நானா பேச மாட்டேன்? யார் சொன்னது? ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிட்டு இருக்கியா?" என்று ஆரம்பித்தவர், தான் பேசாதவர் இல்லை என்பதை நிரூபிக்க முக்கால் மணி நேரம் பேசினார். இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை. இருந்த ஒரு சாட்சியும் பிறழ்சாட்சி ஆகிவிட்டது. தவிர, ஒரே வீட்டில் இருப்பவரின் சாட்சியம் செல்லாது என்றும், வெளியூரில் உள்ள உன் கடிதம் பத்து நாளுக்குள் வந்தால் பரிசீலிப்போம் என்றும் அலுவலர் சொல்லியிருக்கிறார். பத்து நாள் என்றால் மாதம் முடிந்துவிடும். ஆயாம்மாவுக்கு நாம் தாமதம். இருந்தாலும் மற்றவர்களுக்காவது ஆகும் என்று கேட்கிறேன்.

நீ சான்றளிக்க வேண்டியவை இவை. நான் உன் தங்கை. மூன்று வருடத்துக்கு முன் நீ என் வீட்டில் மூன்று வாரம் தங்க வந்தாய். நான் வேலைக்குப் போயிருந்தபோது சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து, டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினாய். இரண்டு நாளாக உப்பைக் காணாமல் நான், "இது உன் வீடு இல்ல, அக்கா" என்று சொன்னேன். நீ படுத்திருந்த விரிப்பைத் துவைத்து, காயவைத்து, நான்காக மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே காலைப் பேருந்தில் போனாய். இவ்வளவு போதும். யார் மேல் தப்பு என்று எழுத வேண்டாம். வாரியத்துக்கு அது தேவையில்லை. உனக்கு வருத்தமாக இருந்ததா என்றும் எழுத வேண்டாம். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது.

உன்னை இப்படி ஊர் பேர் தெரியாத பதினொரு பேருக்கு முன்னால் இழுத்துவிட்டதற்கு நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி யாரும் தவறாக நினைக்கவில்லை. அலமாரியை அடுக்கியது உதவிதானே என்பதில் வகுப்பு முழுவதும் உன் பக்கம். காய்கறிக்காரம்மா மட்டும் என் கட்சி, அதுவும், "நம்ம தராசை வேற ஆளு தொட்டா எரியத்தானே செய்யும்?" என்ற அளவில்தான்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு மருந்து மாற்றியிருந்தால் பழையதை உடனே நிறுத்திவிடாதே. காற்றும் வெயிலும் அளவோடு இருந்து, உன் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
(இதையும் நீதான் சான்றளிக்க வேண்டும்)

பி.கு. வியாழக்கிழமை, மத்தியானம்

மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்குப் போனேன். யாரையும் வரச் சொல்லவில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயாம்மா இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். உள்ளே அலுவலரும் தேர்வாளரும். விடைத்தாள் இருந்ததை மறுக்க முடியாதபடி என்னை மடக்க, ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கணவர், குழாய், அக்கா, பஸ். மறுபடியும் கணவர், குழாய், அக்கா, பஸ். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். இதற்குப் பிறகு தேர்வாளர் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "அதற்கப்புறம் என்ன ஆயிற்று? அக்கா திரும்பி வந்தாரா?"

அதை நான் சொல்லித் தரவில்லை. என்னிடம் இருந்தால்தானே சொல்லித் தர?

பிளம்பர் சொன்னார்: அக்கா வந்தாள், வந்த அன்று குழாய் உடைந்தது, இரண்டு பேரும் வாளி பிடித்தோம், அதில் பேச்சு வந்துவிட்டது. தையல்காரம்மா, பழைய அளவுக்கு ரவிக்கை தைத்து அனுப்பினாராம். "இறுக்கிப் பிடிக்குதுடி" என்று அக்கா போனில் திட்டினாளாம். அதிலிருந்து தினமும் திட்டுகிறாளாம். லிப்ட் மெக்கானிக் அடுத்த பேருந்திலேயே துரத்திக்கொண்டு போய், இரண்டாவது நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பிடித்துவிட்டார். காய்கறிக்காரம்மா இன்னும் பேசவில்லை: "அவள் பெரியவள், அவள்தான் முதலில் பேச வேண்டும்." இலக்கணம் அங்கங்கே நொண்டியது. ஆனால் யாரும் எங்கும் நிற்கவில்லை.

ஆயாம்மாவின் குரல் கடைசியில் வந்தது. "என் அக்கா வரவில்லை. நான் போனேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான்கு மாதம் தினமும் தலை வாரிவிட்டேன். பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அந்தக் கட்டிலில் வேறு பெண். அந்த வார்டில்தான் எனக்கு வேலை." அது என் வாழ்க்கை இல்லை. பதிவில் மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது.

தேர்வாளர்தான் அதை நிறுத்தினார். "இந்த முடிவையெல்லாம் நீங்க எழுதிக் கொடுக்கலையே?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "பஸ் வரைக்கும் மனப்பாடம். பஸ்ஸுக்கு அப்புறம் பேசியிருக்காங்க. நான் பேச்சுக்குத்தான் மார்க் போடணும்" என்று அலுவலரிடம் சொன்னார். அலுவலர் கோப்பை இரண்டு முறை புரட்டினார். பன்னிரண்டு பேரும் தேர்ச்சி. வாட்ச்மேனும்தான். சான்றிதழ் நாளை கையில் கிடைக்கும். தாழ்வாரத்தில் போய்ச் சொன்னேன். ஆயாம்மா, "அப்ப ஒண்ணாம் தேதி போலாமா?" என்றார். போகலாம் என்றேன். "தண்ணி இருக்கா?" என்று கேட்டு வாங்கி, பாட்டிலைக் காலி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே தேர்வாளர் வெளியே வந்தார். "நிஜத்துல என்னதாங்க ஆச்சு? அக்கா வந்தாங்களா?"

"மூணு வருஷமா ஒண்ணும் ஆகல" என்றேன்.

பெஞ்சு முழுவதும் என்னையே பார்த்தது. லிப்ட் மெக்கானிக் மெதுவாக, "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்துலயும் உங்க பதில்தான் ரொம்ப சுமார்" என்றார்.

கீழே இறங்கிச் சாலையோரத்தில் நின்று உனக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு பேரும் பேருந்து நேரப் பலகையை அவ்வளவு அக்கறையாகப் படித்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் பதிவாக இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். நீ எடுத்ததும், "யாரு செத்தது?" என்றாய். யாரும் சாகவில்லை என்றேன். "பின்ன எதுக்குடி கூப்பிட்ட?" என்றாய். சும்மா என்றேன். "நீ சும்மா கூப்பிடுற ஆளா? நான் உக்காந்துக்கிறேன், சொல்லு" என்றாய். ஒன்பது நாள் முழு வகுப்பையும் சொல்லவைத்த வாக்கியம் தமிழில் வருவதற்குள் இரண்டு பேருந்துகள் போய்விட்டன. சொன்னேன். "பின்னாடி யாரோ மூக்கை உறிஞ்சுறாங்க, யாரு அது?" என்றாய். "வாட்ச்மேன். அவருக்கு உன்னைத் தெரியாது. மத்தவங்களுக்கெல்லாம் தெரியும்" என்றேன். "என்ன உளர்றே? சனிக்கிழமை கிளம்பி வா, நேர்ல சொல்லு" என்றாய். சரி என்றேன்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமைதான் வந்து சேரும். அப்போது நான் அங்கேதான் இருப்பேன். தயவுசெய்து என் முன்னால் பிரிக்காதே.